மூன்று மாதக் கையெழுத்து

கோரமண்டலில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. ஷிப்டு முடிந்து தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வருபவர்களைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு விடுகிறார்கள். என் மாமாவுக்கு அது வேடிக்கை. "இன்னிக்கு அக்குள்ல கிச்சுகிச்சு மூட்டிட்டாம்மா" என்பார். குடியாத்தம் பக்கத்து எங்கள் ஊரில், அறுப்பு முடிந்து மடியை உதறிக் காட்டச் சொல்லும்போது என் அம்மா கூனிப் போவாள். இரண்டு இடத்திலும் சோதனை கூலிக்காரருக்குத்தான். கூலி கொடுப்பவர் மடியை யாரும் உதறிப் பார்ப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வரை படித்த முதல் ஆள் நான். பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. அதை மீட்கத்தான் மைசூர் ராஜ்யத்தில் இந்தக் கோரமண்டலுக்கு வந்து, மாமா வீட்டில் தங்கி, ஒரு தனியார் பள்ளியில் டீச்சரானேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நிர்வாகி சம்பளம் தரவில்லை. ஜூலைக் கடைசியில் அந்த வேலையை விட்டு, பக்கத்துச் சுரங்கமான நந்திதுர்க்கில் வேறு பள்ளியில் சேர்ந்தேன்.

செப்டம்பரில் பாக்கி கேட்கப் போனபோது, நிர்வாகி சம்பளப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்டாம்புகளின் மேல் என் கையெழுத்து.

"நோடி டீச்சர், பாருங்க, வாங்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

சர்க்கார் கிராண்ட் பணம் வர வேண்டுமானால் ஆகஸ்ட் வரை மூன்று மாதத்துக்கும் முன்கூட்டியே கையெழுத்து வேண்டும் என்று ஜூனில் கேட்டிருந்தார். மற்ற டீச்சர்கள் தயங்கினார்கள். நான்தான் முதலில் பேனாவை எடுத்தேன். ஊரில் இதைப் படிக்கும் பெண்களே, கையெழுத்து அழகாக விழுந்ததில் எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

மாமா விடவில்லை. "நானு கைநாட்டு. எவன் பேப்பர் நீட்டினாலும் நாலு பேராண்ட படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் விரல் வைப்பேன். நீ இன்னாம்மா படிச்சே?"

இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகுதான் மூன்றாவது ஸ்டாம்பு நினைவுக்கு வந்தது. மறுபடி போய்ப் பதிவேட்டைக் கேட்டேன்.

"ஆகஸ்ட் சம்பளமும் வாங்கிட்டேனா, சார்?"

"கையெழுத்து இருக்கே. வாங்கிட்டீங்க."

"ஆகஸ்ட் முழுக்க நந்திதுர்க் பள்ளியில அட்டெண்டன்ஸ் போட்டிருக்கேன். இன்ஸ்பெக்டர் ரெண்டு பதிவேட்டையும் ஒண்ணா வச்சுப் பார்த்தா?"

அவர் பதிவேட்டை மூடினார். "இதுக்குப் போயி இன்ஸ்பெக்டர் எதுக்கு? உக்காருங்க டீச்சர்."

மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு மாதச் சம்பளம் வந்தது. எண்ணினேன். ஒவ்வொரு நோட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னும் நம்பிக்கை வரலியா?"

"இல்லீங்க."

ஆகஸ்ட் ஸ்டாம்பின் மேல் என் கையெழுத்தை அவரையே அடிக்கச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே எழுந்தேன்.

அங்கிருந்து நேராகத் தபாலாபீஸ். மணியார்டர் பாரத்தை வாங்கிய குமாஸ்தா, "நிம்ம ஊரு யாவுது?" என்றார். இவருக்கு எதற்கு என் ஊர் என்று சந்தேகப்பட்டேன். அவர் விரல், நான் நிரப்பாமல் விட்ட அனுப்புபவர் கட்டத்தைத் தொட்டது. மேலே அம்மாவின் பெயரும் ஊரும் எழுதியாயிற்று. கீழே கோரமண்டல் என்று எழுதினேன். பாரம் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிற்று. கோரமண்டல் முத்திரை விழுந்த சிறு ரசீது என் கையில் நின்றது. அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.