டீச்சர் லேட்டாகப் பாடவில்லை

எங்கள் வீட்டு ஹாலில், காலண்டர் மாட்டிய ஆணிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு பழைய ஹெட்போன் தொங்குகிறது. காதில் படும் இடத்து ஸ்பாஞ்ச் எப்போதோ உதிர்ந்துவிட்டது. என் மனைவி தன் பழைய பருத்திப் புடவையில் இரண்டு துண்டு கிழித்து, உறை போலத் தைத்துப் போட்டிருக்கிறாள். டெலிபோன் வயர் மாதிரி சுருள் சுருளான கறுப்பு வயர். அதன் நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பின். இந்தக் காலத்துப் போன் எதிலும் அது நுழையாது. எங்கள் வீடு இரும்புலியூரில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கூட்ஸ் வண்டி போகும்போது சுவர் லேசாக அதிரும். அந்தப் பின் சுவரில் மோதி டக் டக் என்று சத்தம் போடும். என் மகனுக்கு அது கேட்பதில்லை. அவன் காதில் எப்போதும் வயர் இல்லாத ஹெட்போன் இருக்கிறது. "இத மாட்னா வெளியுலகமே இல்லப்பா" என்பான், ஏதோ பட்டம் வாங்கியவன் போல. வெளியுலகம் வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு படுக்கலாமே, அதற்கு ஒரு மெஷினும் அந்த மெஷினுக்கு ஒரு சார்ஜரும் எதற்கு என்று எனக்குத் தோன்றும். சொல்ல மாட்டேன். மனதில் தோன்றுவதில் பத்தில் ஒன்றுகூட என் வாய்க்கு வராது. வராமல் போன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பல வேலைகள் பார்த்த பிறகு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறை ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அதன் ஓனர் அதற்கு முன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். ஒருநாள் தன்னைச் சவுண்ட் இன்ஜினியர் என்று கண்டுபிடித்துக்கொண்டார். ஜெராக்ஸ் மெஷின் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. நடுவில் கண்ணாடி வைத்து அறையை இரண்டாகத் தடுத்து, அந்தப் பக்கம் மைக் வைத்தார். சர்ச் பாட்டு, ஆடி மாதத்து அம்மன் பாட்டு, ரம்ஜான் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு எல்லாம் அங்கே பதிவாகும். வெளிச் சத்தம் அடங்கட்டும் என்று சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். ஆனால் முட்டை அட்டை ரயிலை என்ன செய்யும்? ஜன்னலுக்கு நேர் எதிரே தண்டவாளம். மின்சார ரயில், எக்ஸ்பிரஸ், கூட்ஸ். போதாததற்கு மேலே விமானம். அதனால் எனக்கு ஒரு வேலை இருந்தது. கூட்டுவது, டீ வாங்குவது, வயர் சுற்றி வைப்பது போக, பாட்டு பதிவாகும் நேரமெல்லாம் நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ரயிலோ விமானமோ வருவது தெரிந்தால் கையைத் தூக்குவேன். ஓனர் நிறுத்துவார். சத்தம் போன பிறகு கையை இறக்குவேன். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்காகவே யாரோ யோசித்து உண்டாக்கிய வேலை மாதிரி இருந்தது.

டீச்சர் அங்கே வந்தது ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்காக. சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் பாட்டும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதில் வெந்நீர் பிளாஸ்க். அவருடைய சர்ச்சில் முப்பது வருஷமாகப் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நின்றவர். அந்த வருஷம்தான் கமிட்டியில் அவருக்கு ஒரு பாட்டைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். ஒத்திகைக்கு வந்த அன்று நான் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தபோது சொன்னார்: "முப்பது வருஷமா கூட்டத்தோட பாடிட்டேன் தம்பி. அதுல எது என் குரல்னு எனக்கே தெரியாது. இந்த ஒண்ணுதான் தனியா. நாலு நிமிஷம்." சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டவர் போல பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் மாட்டிக்கொண்டது இந்த ஆணியில் தொங்கும் ஹெட்போனைத்தான். ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு மறு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். ஒரு காதில் இசை, மறு காதில் அறைக்குள் ஒலிக்கும் தன் குரல். இடது கை ஆள்காட்டி விரல், பாட்டுத் தாள் வைக்கும் ஸ்டாண்டில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை பாடினார். மூன்று முறையும் விரலும் குரலும் இசையும் ஒரே இடத்தில் விழுந்தன. அவர் போன பிறகு நான் அந்த ஹெட்போனை எடுத்து, சோதனைக்காகப் பதிவு செய்திருந்ததைக் கேட்டேன். வரி தொடங்கும் முன் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரியும் சத்தம் கேட்டது. வயலின் இழைக்கும் முன் வில் நரம்பில் உட்கார்வதுகூடக் கேட்டது. அந்த ஹெட்போன் எதையும் அழகுபடுத்தாது. உள்ளதைக் கொண்டுவந்து காதில் போடும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஓனர் புது ஹெட்போனோடு வந்தார். கல்யாண நகை வைக்கிற மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் வெல்வெட்டில் படுத்திருந்தது, வயரே இல்லாமல். "நாய்ஸ் கேன்சலிங்" என்று இரண்டு முறை சொன்னார், எனக்குப் புரியாது என்று தெரிந்தும். பிறகு விளக்கினார். "வெளிச் சத்தத்தையே சாப்ட்ரும்பா இது. இனிமே ரயிலு வந்தா இன்னா, பிளேன் வந்தா இன்னா? நீ பால்கனில போய் சிலை மாதிரி நிக்க வேணாம்." அவர் என்ன நினைத்தார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பாடுகிறவர் காதுக்கு ரயில் கேட்கவில்லை என்றால் பாட்டிலும் ரயில் ஏறாது என்று நினைத்தார். மைக்குக்கும் காதுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர், வாசலில் 'சவுண்ட் இன்ஜினியர்' என்று போர்டு மாட்டியிருந்தார்.

டீச்சர் வந்ததும் ஓனர் தன் கையாலேயே அதை அவருக்கு மாட்டிவிட்டார். வழக்கம் போல டீச்சர் ஒரு பக்கத்தைத் தள்ளப் போனார். "ரெண்டு காதும் மூடணும் டீச்சர். அப்பதான் டெக்னாலஜி வேலை செய்யும்" என்றார். டீச்சர் லேசாகப் பாடிப் பார்த்து, "என் குரல் ஏதோ குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே" என்றார். "போகப் போகப் பழகிடும்." முதல் தடவை பாடும்போதே செங்கல்பட்டு வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனது. பழக்கத்தில் என் கை பாதி தூரம் உயர்ந்தது. ஓனர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாட்டு முடிந்ததும், புது ஹெட்போனைத் தான் மாட்டிக்கொண்டு பதிவானதைக் கேட்டார். பாதியில் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றி ஜன்னலைப் பார்த்தார்.

"இப்போ ரயிலு போச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார். "எனக்கு கேக்குதே." பாட்டுக்குள் போய்விட்ட ரயிலை எந்த ஹெட்போனாலும் இறக்க முடியாது என்பது அவருக்குப் புரியவில்லை. "புதுசு இல்லியா, செட் ஆவணும்" என்று முடித்துக்கொண்டார்.

ரயிலாவது பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் கேவலம். "டீச்சர், நீங்க பின்னாடியே வர்றீங்க. மியூசிக் முன்னாடி போயிடுச்சு" என்றார் ஓனர். டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி பாடினார். மறுபடியும் லேட். முந்திக்கொண்டு பாடிப் பார்த்தார், வரி கலைந்தது. ஒன்பதாவது தடவை நன்றாக வந்துகொண்டிருந்தபோது திடுக்கிட்டு நிறுத்தினார். காதுக்குள் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சார்ஜ் தீரப் போகிறது என்று சொன்னதாம். ஒத்திகையில் மூன்று முறையும் சரியாகப் பாடியவர் இன்று ஏன் தவறுகிறார், நடுவில் மாறியது டீச்சரா ஹெட்போனா என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஓனர் யோசிக்கவில்லை. அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி வழியாக டீச்சரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து ஸ்பீக்கரில் தாளம் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் விரல் விழுந்தது. மைதானத்தில் மட்டை பந்தில் படுவதைப் பார்த்த பிறகு சத்தம் வந்து சேருமே, அந்த அளவு இடைவெளி. ஒவ்வொரு தாளத்துக்கும் அதே இடைவெளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாளம் விட்டவர் ஒரு தடவை முந்துவார், ஒரு தடவை பிந்துவார். ஒரே அளவாகப் பிந்துகிறவர் தாளத்தை விடவில்லை. அவருக்குத் தாளம் லேட்டாக வந்து சேருகிறது. சார்ஜ் ஏற்றி எடுத்த பிறகு, டீச்சர் அந்தப் பக்கம் வெந்நீர் குடித்துக்கொண்டிருக்க, ஓனர் இசையை ஓடவிட்டபடியே போன் பேச பால்கனிக்குப் போனபோது, புது ஹெட்போனை ஒரு காதில் வைத்து மறு காதை ஸ்பீக்கருக்குத் திறந்துவைத்தேன். டக்-டக் என்று ஒவ்வொரு தாளமும் இரண்டாகக் கேட்டது. பழையதை வைத்தேன். ஒரே டக். அரை நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. வயரில் வருவது வந்துவிடுகிறது. காற்றில் வருவது எங்கேயோ நின்று சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது.

ஓனர் உள்ளே வந்தார். நான் ஹெட்போனை இருந்த இடத்தில் வைத்தேன். வாயைத் திறந்தேனா என்றால், திறந்தேன். "டீ வாங்கட்டா சார்?" என்று கேட்டேன்.

அன்று பதினோரு தடவை பாடிய பிறகு ஓனர் நாற்காலியைத் திருப்பி, மிகவும் இரக்கமாகப் பேசினார். "வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல டீச்சர். இதுல வெக்கப்பட எதுவுமில்ல. கமிட்டில நானே பேசிக்கிறேன். அந்தச் சின்னப் பொண்ணு ஒண்ணு நல்லா பாடுதாமே." அவர் கத்தியிருந்தால்கூட டீச்சர் பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இரக்கம் காட்டவே, ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மறந்துவிட்ட பிளாஸ்க்கைக் கொடுக்க நான் பின்னால் ஓடினேன். பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீயும் கேட்டுட்டுதானே இருந்த தம்பி. நான் நெஜமாவே லேட்டாவா பாடினேன்?"

நான் தரையைப் பார்த்தேன். ஓனர் படித்தவர், நான் ஐந்தாம் வகுப்பு, நான் சொன்னால் யார் கேட்பார்கள் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சாக்கு. என் மௌனத்தை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "சரிப்பா" என்று எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சின்னப் பெண் வந்து பாடியது. அதே ஹெட்போன். அதுவும் லேட்டாகத்தான் பாடியது, அச்சாக அதே அளவு. ஓனர் சிரித்தார். "புதுசு இல்லியா, பயம். பாப்பா, நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்." மௌஸைப் பிடித்துத் திரையில் அந்தக் குரலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டார். சரியாகிவிட்டது. ஓர் இழுப்பு. அதே இழுப்பை டீச்சருக்கு இழுத்திருக்கலாம். இருபது வயதில் லேட் என்றால் பயம், அறுபதில் லேட் என்றால் வயசு. அன்று அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது. ஆனால் அவருக்காவது தெரியாது. தெரிந்துகொண்டே டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் நான்.

பிறகு நாலு மாதம் அங்கே இருந்தேன். பழைய ஹெட்போனை ஓனர் காயலான் கடைச் சாமானோடு போட்டிருந்தார்; கேட்டு வாங்கிக்கொண்டு வேலையை விட்டேன். மறுநாளே அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலிருந்து கேட் வரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கேட்டைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "டீச்சர், நீங்க லேட்டாப் பாடல. அந்த ஹெட்போன்லதான் லேட்டா வந்துச்சு" என்றேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

டீச்சர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும் டீச்சர்."

"படிக்கட்டுல நான் கேட்டனே, அப்பவா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஏன் சொல்லல?"

"பேச வரல டீச்சர்."

கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "வாய் வரலைன்னா போவுது. ரயிலுக்குக் கை தூக்குவ இல்ல? எனக்குத் தூக்கியிருக்கலாமே தம்பி."

ஹெட்போனை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. "எனக்கு எதுக்குப்பா அது? நான் பாடறத விட்டாச்சு. இப்ப கடைசி பெஞ்சுல உக்காந்து வாயை மட்டும் அசைக்கிறேன்." காபி குடிக்கிறாயா என்று கேட்டார், கேட்க வேண்டும் என்பதற்காக. நான் வேண்டாம் என்றேன். அவரும் இன்னொரு முறை கேட்கவில்லை.

அந்த ஓனர் இப்போது பள்ளிக்கரணையில் பெரிய ஸ்டூடியோ வைத்திருக்கிறாராம். அங்கேயும் யாரிடமாவது, நீங்க பின்னாடியே வர்றீங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார். மின்சார ரயிலில் போகும்போது பார்க்கிறேன், பெட்டி முழுக்கக் காதை மூடிய தலைகள். எவ்வளவு தெளிவு, அடிச் சத்தத்தில் எவ்வளவு கனம் என்று என் மகன் ஒரு முறை எனக்கும் மாட்டிவிட்டான். பானைக்குள் கல்லைப் போட்டு உருட்டுவது போல இருந்தது. பாடியவர் மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. நல்லாருக்கு என்றுதான் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் கூட்ஸ் வண்டி ஒன்று வருகிறது. சுவர் அதிர்கிறது. ஆணியில் தொங்கும் வயரின் பின் மோதத் தொடங்கிவிட்டது, டக், டக். என் வலது கை தானாக மேலே போயிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு ஒரு காதை மட்டும் திறந்து, "இன்னாப்பா?" என்கிறான்.

"ஒண்ணுமில்ல" என்கிறேன். அவன் காதை மூடிக்கொள்கிறான். வண்டி போகும் வரை கையை இறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.