கண்ணாடிக் கதவில் இருந்த நான்கு எழுத்து

ஏஜென்சிக்காரரே, என் தங்கச்சிக்கு அரபு வாசிக்கத் தெரிந்ததால்தான் நீங்கள் அவள் பெயரை வெட்டினீர்கள். வேறு காரணம் கிடையாது.

நானும் உங்கள் ஹட்டன் ஒபிஸ் வழியாக வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருடம் வீட்டு வேலை செய்தவள். அரபு பேசுவேன். ஏச்சு வாங்கி வாங்கிப் படித்த பேச்சு அது. ஆனால் ஓர் எழுத்தும் தெரியாமல்தான் இருந்தேன். எந்தப் போத்தலில் ப்ளீச், எதில் வினாகிரி என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். போகும் முன் உங்கள் வகுப்பில் தந்த போட்டோக் கொப்பியில் வா, கொண்டு வா, துடை என்று அரபுச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருந்தன. எல்லாம் எங்களைப் பார்த்து மற்றவர்கள் சொல்லும் சொற்கள். நாங்கள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து லிந்துலையில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தேன். முதலாளியின் மகள் என் வயதுக்காரி, மதரசாவில் அரபு படித்தவள். தங்கச்சி அப்போது உங்களிடம் பதிந்திருந்தாள். அவளாவது வாசிக்கப் பழகிவிட்டுப் போகட்டும், எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்துச் சொல்லித் தாருங்கள் என்று முதலாளியின் மகளிடம் கேட்டேன். மத்தியானம் ஆள் வராத நேரம், துணி வெட்டும் மேசையில் சோக்குக் கட்டியால் எழுதிக் காட்டினாள்.

தோணி மாதிரி ஒரு கோடு. கீழே ஒரு புள்ளி வைத்தால் பா. அதை அழித்து மேலே இரண்டு வைத்தால் தா. மூன்று வைத்தால் ஸா. தமிழில் புள்ளி வைத்தால் ஓசை அடங்கும். இங்கே புள்ளிதான் எழுத்தையே மாற்றுகிறது.

எங்களுடையது தமிழ் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதி வைத்தோம். முதலாளியின் மகள் சிரித்தாள்.

"என்ன புள்ள, சண்டை புடிச்ச ஆளுக மாதிரி தள்ளித் தள்ளி வெச்சிருக்கீங்க? கையக் கோத்து விடுங்க."

"எங்க தோட்டத்து லயத்துக் காம்பரா வரிசை மாதிரியாக்கா? ரெண்டு வீட்டுக்கு ஒரே செவரு?" என்றாள் தங்கச்சி.

"அப்படித்தான். ஆனா ஆறு எழுத்து இருக்கு. வலப் பக்கத்து ஆளோட சேரும். இடப் பக்கம் சேரவே சேராது."

"எங்க லயத்துலயும் இருக்காங்க. அந்தப் பக்கம் சீனி கடன் வாங்குவாங்க, இந்தப் பக்கம் மூஞ்சி குடுக்க மாட்டாங்க."

சேர்ந்ததும் தோணி காணாமல் போய்விடுகிறது. சின்னப் பல் மாதிரி ஒன்றுதான் மிச்சம். புள்ளி மட்டும் அப்படியே இருந்து இன்னார் என்று சொல்கிறது.

பிறகு காஃப், தா, பா என்று மூன்று எழுத்தை எழுதினாள். அவற்றிலிருந்து வருவது கிதாப், அதாவது புத்தகம். காதிப் என்றால் எழுதுகிறவர். முன்னால் மீம் சேர்த்தால் மக்தப், எழுதுகிற இடம், அதாவது ஒபிஸ். இரண்டு வருடம் அந்த வீட்டில் காதில் விழுந்த சொற்கள் இவை. ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று நினைத்ததே இல்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தூரில் நாலா பக்கமும் துளிர் விடுவது போல, மூன்று எழுத்திலிருந்து அத்தனையும் கிளம்பி வருகிறது. இடையில் வரும் குறில் ஓசைகளை எழுதுவதும் இல்லை. வாசிக்கிறவள் அறிந்து போட்டுக்கொள்ள வேண்டும். வாசிக்கிறவளை அவ்வளவு நம்புகிற எழுத்து.

நீங்கள் நம்பவில்லை.

தங்கச்சியின் மெடிக்கல் சோதனைத் துண்டைக் கொடுக்க நாங்கள் வந்த அன்று உங்கள் கண்ணாடிக் கதவில் இருந்த அரபு எழுத்தைப் பார்த்துத் தங்கச்சி நின்றுவிட்டாள். வலமிருந்து இடமாக விரலை நகர்த்தினாள். "மீம், காஃப், தா, பா. மக்தப். அக்கா, மக்தப்னு போட்டிருக்கு." அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்துகொண்டு நீங்கள் வந்தீர்கள்.

"என்னம்மா செய்ற?"

"வாசிக்கிறேங்க சேர்."

"வீட்டு வேலைக்கு இது எதுக்கு? வாசிக்கத் தெரிஞ்ச ஆள அந்த வீட்டுக்காரங்க கேக்க மாட்டாங்க. வீட்டுல உள்ள கடுதாசியெல்லாம் பாப்ப."

"மருந்து போத்தலையும் பாப்பேங்க சேர்."

நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை போனில் கோல் எடுத்து இடம் நிறைந்துவிட்டது என்றீர்கள். அவளுக்குப் பிறகு பதிந்த இரண்டு பேர் எங்கள் தோட்டத்திலிருந்தே வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தங்கச்சி இன்னும் மலையில் கொழுந்து பறிக்கிறாள். எங்களோடு எழுத்துப் படிக்க வருகிறோம் என்று சொன்ன தோட்டத்துப் பெண்கள் இப்போது கடைப் பக்கம் வரப் பயப்படுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயில் முன்னால் பெண்கள் எல்லாரும் இருப்போம். வாருங்கள். எழுதுகிற இடம் என்று கதவில் போட்டுக்கொண்டு, அதை வாசித்தவளை ஏன் வெட்டினீர்கள்? எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.