முகம் கொடுக்காத சிஸ்டர்

சுலோசனா சிஸ்டரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லாத ஆள் அந்த நாளில் மரக்காணம் கடைத்தெருவில் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் வந்தாலும் பார்க்காதது போல் போய்விடுவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கல்யாணத்துக்குப் போக மாட்டார். ஊசி போடுகிறவளுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள்கூடப் பேசினார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரிடம் வேலை கற்ற நர்ஸ் நான். ஆனாலும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் சிஸ்டர் கட்டிக் காத்ததெல்லாம் வீணாகிவிடும்.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்கள் காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. ‘கீமோ சிஸ்டர்’ என்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அவர் தெருவில் ஒருத்தியைப் பார்த்து நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டால் போதும், அந்த வீட்டில் யாருக்கோ புற்று என்று பொழுது சாய்வதற்குள் ஊர் பேசும். புற்று வந்த வீட்டில் பெண் எடுக்கவும் யோசிப்பார்கள், கொடுக்கவும் யோசிப்பார்கள். அதனால் வார்டுக்குள் எல்லாருக்கும் தாயாக இருந்த மனுஷி, கேட்டைத் தாண்டியதும் யாரையும் தெரியாதவர் ஆகிவிடுவார்.

இப்போது புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஏ.சி. இருக்கிறது, டோக்கன் நம்பரை டிவி சொல்கிறது, பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. ஆனால் என் மனசு என்னவோ எங்கள் பிரிவு முன்பு இருந்த பழைய பிரசவ வார்டின் பின்கட்டிலேயே கிடக்கிறது. அங்கே ஆறு சாய்வு நாற்காலி, அதில் ஒன்று சாயாது. உப்பங்காற்றில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டெல்லாம் துருப்பிடிக்கும், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல நாங்கள் அதற்குப் பெயின்ட் அடிப்போம். மருந்து ஏறி நாக்கு செத்துப்போனவர்களுக்குச் சிஸ்டர் வீட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவருவார். அந்த வாசனைக்கு நான் இன்னும் ஏங்குகிறேன்.

முடி விஷயத்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதல் மருந்து ஏற்றியதுமே பெண்களை மயிலம் முருகன் கோயிலுக்கு அனுப்பிவிடுவார். “தானா கொட்டினா அழுவீங்க. முருகனுக்குக் குடுத்துட்டா பெருமையா நடப்பீங்க,” என்பார். யார் கேட்டாலும் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம், எவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

கொரோனா அடங்கிய அடுத்த வருஷம் அப்படி மொட்டை போட்டவர்களில் அம்சவல்லியம்மா ஒருவர். உப்பளத்தில் வேலை. மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும், உப்பு வாருகிற காலத்தில் வர மாட்டேன் என்று மழை வரும்வரை தள்ளிப்போட்டு, சிஸ்டரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். செவ்வாய்க்கிழமைகளில் வருவார். இன்னொருவர் கமலாம்பாள் அம்மா. இரும்பை ஊர்ப் பக்கம் நிலபுலன் உள்ள வீடு, அவருக்குக் கர்ப்பப்பையில் கோளாறு. வெள்ளிக்கிழமைகளில் வருவார். இரண்டு வீட்டிலும் புருஷனைத் தவிர வேறு யாருக்கும் உண்மை தெரியாது. ரத்தம் கம்மி, ட்ரிப்ஸ் ஏற்றுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் ஷாலினியின் நிச்சயதார்த்தப் போட்டோவை அம்சவல்லியம்மா செல்போனில் காட்டினார். மாப்பிள்ளை சரவணகுமார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மாவும் மொட்டை. சம்பந்தியம்மாவுக்கும் மயிலத்து வேண்டுதலாம், என்ன பொருத்தம் பாருங்க என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்களாம். அந்தச் சம்பந்தியம்மா எங்கள் வெள்ளிக்கிழமை கமலாம்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் என் காலை மிதித்தார். வெள்ளிக்கிழமை கமலாம்பாள் அம்மா அதே போட்டோவைக் காட்டியபோது, சிஸ்டர் புதிதாகப் பார்ப்பது போல வாங்கிப் பார்த்து, நல்ல சம்பந்தம் என்றார்.

அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டு, “தை மாசம் கல்யாணம் முடியறவரைக்கும் இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இங்க பாக்கக் கூடாது ஜெயா. பார்த்தா அந்தப் பொண்ணு வாழ்க்கை போச்சு,” என்றார்.

கார்த்திகையில் புயல் வந்தது. செவ்வாய்க்கிழமை ரோடெல்லாம் தண்ணீர், யாரும் வரவில்லை. அம்சவல்லியம்மாவைச் சனிக்கிழமை வரச் சொல்லலாம் என்றால் போன் போகவில்லை. அவரோ சனிக்கிழமை முகூர்த்தப் புடவை எடுக்கப் போக வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே வந்து நின்றார். கமலாம்பாள் அம்மா ஏற்கெனவே உள்ளே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். காலியாக இருந்தது அவருக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான், அந்தச் சாயாத நாற்காலி. சிஸ்டர் நடுவே ஒரு பெட்ஷீட்டைக் கட்டினார். அவசரத்தில் முடிச்சு விழவேயில்லை. கடைசியில் நான் கட்டிக்கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நாங்கள் அதைப் பார்க்க ஓடிய நேரத்தில் அம்சவல்லியம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வருகிறோம், பெட்ஷீட்டுக்கு அடியிலிருந்து ட்ரிப்ஸ் ஏறும் கை ஒன்று வாந்தி எடுக்கும் பேசினை நீட்டிப் பிடித்திருக்கிறது. அடக்காதீங்கம்மா, எடுத்துடுங்க என்று கமலாம்பாள் அம்மாவின் குரல். வாந்தி எடுத்து முடித்த அம்சவல்லியம்மா, குரல் தெரிந்து நிமிர்ந்தார். கமலாம்பாள் அம்மா மெதுவாகத் துணியை விலக்கினார்.

“வேண்டுதல்னு சொன்னீங்களே சம்பந்தி.”

“நீங்களும் அதத்தானே சொன்னீங்க.”

என் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் என்று அம்சவல்லியம்மா அழ ஆரம்பித்தார். நான் எந்த வாயால் சொல்வேன் என்று அவர் முகத்தைத் துடைத்துவிட்டார் கமலாம்பாள் அம்மா. பிறகு சிஸ்டரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இனிமே எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாளா போட்டுக் குடுங்க,” என்றார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் மாதிரி என் சர்வீஸில் இனி வராது. ஆளுக்கொரு கையில் ட்ரிப்ஸ், நடுவில் ஊறுகாய் பாட்டில். பந்தியில் வடை வைப்பதா போண்டா வைப்பதா என்று சண்டை. வார்டே சேர்ந்துகொண்டு கல்யாணம் பேசும். புற்றுநோய் வார்டில் இத்தனை சிரிப்பா என்று கேட்காதீர்கள், இருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து பத்திரிகை கொடுத்தார்கள். சிஸ்டர் வழக்கம்போல வாங்கி மேஜைக்குள் போட்டார். நீங்கள் வராமல் தாலி ஏறாது என்று கமலாம்பாள் அம்மா பிடிவாதம் பிடித்ததால்தான் வந்தார். வந்தவர், மண்டபத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் என்னோடு உட்கார்ந்தார். தலை நிமிரவே இல்லை.

தாலி கட்டி முடிந்ததும் சம்பந்திகள் இருவரும் மேடையை விட்டு இறங்கி நேரே எங்களிடம் வந்தார்கள். பின்னாலேயே மாப்பிள்ளையின் மாமா ராமதாஸும் வந்தார். இவங்க கீமோ சிஸ்டராச்சே, இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அக்காவைக் கேட்டார். சிஸ்டர் பதறி எழுந்தார்.

“எனக்கு இவங்க யாருன்னே தெரியாதுங்க,” என்றார்.

கமலாம்பாள் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்களுக்கு இவங்களத் தெரியும்,” என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி. “எனக்கும் என் சம்பந்திக்கும் கீமோ குடுக்கறவங்க இவங்கதான். நாங்க மொட்டை போட்டதும் அதுக்குத்தான்.”

நாலைந்து பேர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்கள். போகட்டும், நல்ல பந்தி, அவர்களுக்குத்தான் நஷ்டம். ஷாலினி மாலையோடு இறங்கி ஓடி வந்து, இரண்டு அம்மாக்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். சரவணகுமார் சிஸ்டருக்குச் சாப்பாட்டு வரிசையில் தானே இலை போட்டான்.

கமலாம்பாள் அம்மா பேரனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். சிஸ்டரும் ரிட்டையர் ஆகிவிட்டார். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவரோடு நடந்து வந்தேன். எதிரே அம்சவல்லியம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பழக்க தோஷம், சிஸ்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். அம்சவல்லியம்மா விடவில்லை. முன்னால் வந்து நின்று, பேரனை அவர் கையில் கொடுத்து, நாலு பேர் பார்க்க உரக்கக் கேட்டார்:

“நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?”