நான் போட்ட சிவப்புக் கேள்விக்குறிகள்

சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பெண் பிள்ளைகள் பதினெட்டு வயதில் வெளியேற வேண்டும். தனியாக வாழப் பழக்க ஒவ்வொருத்திக்கும் ஊரில் ஒரு துணையாளரைச் சேர்த்து வைப்பதென்று எங்கள் தேவாலயப் பங்கில் முடிவெடுத்தார்கள். அந்தத் துணையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் படவரைஞர். பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லை. எதையும் பட்டியலாக எழுதிக் கொடுப்பேன் என்று மட்டும் பெயர் இருந்தது.

இருபத்தேழு விடயங்கள் எழுதினேன். அடையாள அட்டையைப் பத்திரப்படுத்துவது, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைப்பது, வாடகை அறையின் தாழ்ப்பாளைப் பார்ப்பது, காய்ச்சலுக்கு எப்போது ஆஸ்பத்திரிக்குப் போவது. கடைசியில் ஒரு விபரத்தாள்: பிறந்த இடம், இதுவரை இருந்த இடங்கள், உறவினர்கள் இப்போது எங்கே. பிள்ளையைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் துணையாளர் அதில் எழுத வேண்டும்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் தாளை நிரப்பித் தந்தார்கள். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வரும் ஆஸ்பத்திரி உதவியாளர் அக்கா மட்டும் வெறுந்தாளை நீட்டினார்.

"மறந்து போச்சு தங்கச்சி."

மூன்று சனிக்கிழமையும் மறந்தார். கேள்வி கேட்க மட்டும் மறக்கவில்லை. "இந்தத் தாள் எங்க போகும்? அலுமாரியைப் பூட்டுறவையோ? திறப்பு ஆரிட்ட?" சண்டை நடந்த அந்த நாட்களில் ஒருவர் கூடுதலாகக் கேட்டால், யாருக்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் யோசிப்போம். நானும் யோசித்தேன்.

அக்காவின் பொறுப்பில் இருந்தவள் வெருகல் பக்கத்துப் பிள்ளை. தையல் கடையில் வேலை கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் தங்க இடம் கிடைக்காவிட்டால் இல்லம் அவளை வெருகலில் இருந்த மாமாவிடம் அனுப்பிவிடும். அங்கே அவள் வயதுப் பிள்ளைகளை வீட்டுக்கு ஒருவராக இயக்கத்துக்குக் கூட்டிப்போய் கையில் துவக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுதாததால் தாளை நானே நிரப்பினேன். வெருகலில் பிறந்ததாக அவள் சொன்னாள். அடுத்த நாள் இல்லத்துக் குசினியைக் கடந்து போகும்போது உள்ளே அக்காவின் குரல்.

"எங்கயிருந்து வாறாய்?"

"இல்லத்திலயிருந்து."

"அதுக்கு முதல்?"

"தோப்பூர்."

"அதுக்கும் முதல்?"

"சின்னப் பிள்ளை, ஞாபகமில்லை."

"அழுறமாதிரிச் சொல்லாதையடி. கறிக்கு உப்புப் போட்டனியோ எண்டு கேட்டா எப்பிடிச் சொல்லுவாய், அப்பிடிச் சொல்லு."

"நான் போடுற உப்புக்கு அழத்தான் வேணும் அக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் பழக்குகிறார் என்று நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வரைபடம் இன்னொன்றோடு பொருந்தாவிட்டால் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் கேள்விக்குறி போடுவோம். விபரத்தாளில் வெருகலுக்குப் பக்கத்தில் தோப்பூர் என்று எழுதி ஒன்று போட்டேன். அப்படியானால் வெருகல் மாமா உண்மைதானோ என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் இன்னொன்று.

மாதத்தின் கடைசிக் கிழமையில் பஸ் நிலையத்தடியில் ஒரு அம்மா அறை தர ஒத்துக்கொண்டார். வீட்டில் புதிதாக ஒருவர் தங்குவதென்றால் வீட்டுக்காரர் பொலிசுக்குப் போய்த் தன் வீட்டுப் பட்டியலில் அவரைப் பதிய வேண்டும். அக்காவும் பிள்ளையும் அந்த அம்மாவோடு போனார்கள்; அக்காவை நம்பாததால் நானும் விபரத்தாள் இருந்த கோப்போடு கூடப் போனேன்.

வாசலில் கோப்பைத் திறக்கச் சொன்னார்கள். தாள் உள்ளே மேசைக்குப் போனது. பொலிஸ்காரர் பிள்ளையிடம் ஊர் எதென்று கேட்டார். அவள் பழகியபடியே, நடுக்கமில்லாமல், தோப்பூர் என்றாள். அவர் தாளைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

"இங்க வெருகல். இந்தச் சிவப்பு யார் போட்டது?"

"நான்தான்."

"அப்ப உங்களுக்கும் சந்தேகம்."

பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கார அம்மா எழும்பிவிட்டார். "குறை நினைக்காதையுங்கோ. எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

நானும் அக்காவும் அங்கிருந்த நீள மர வாங்கில் பின்னேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

"இவங்கள் என்ன கேப்பாங்கள் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

"வெருகல் எண்டாலே இவங்கள் இயக்கம் எண்டுதான் பாப்பாங்கள். இந்த வாங்கில எத்தினை நாள் இருந்தனான் தெரியுமோ?" என்றார். யாருக்காக என்று சொல்லவில்லை.

பிள்ளையை வெளியே விட்டபோது அக்கா மேசைக்குப் போனார். தன் வீட்டுப் பட்டியலில் அவளைப் பதியச் சொன்னார்.

"என்ன சொந்தம்?"

"ஒரு சொந்தமுமில்லை. என்னோட இருப்பா. அப்பிடியே எழுதுங்கோ."

அவர் அப்படியே எழுதினார்.

ஆனால் பயிற்சி கொடுத்தவரின் கடிதம் இல்லாமல் ஒரு துணையாளர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப இல்லம் ஒத்துக்கொள்ளாது. அந்த விதியையும் நான்தான் எழுதியிருந்தேன். மாத முடிவுக்கு இரண்டு நாள் இருந்தது. இல்லத்து அலுவலக அறையில் கதிரையை இழுத்துப்போட்டு எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் பிள்ளை நின்றாள். பொலிஸிலிருந்து வந்த பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

கையெழுத்து வைக்கப் போக, "பொறுங்கோ, வாசியுங்கோ" என்றாள்.

வாசித்தேன். இவர் பொறுப்பானவர், இவருடைய வீட்டில் பிள்ளை பாதுகாப்பாக இருப்பாள் என்று மூன்று வரிகள்.

"அவ்வளவுதானோ?"

"ஓம், அவ்வளவுதான்."

கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் உடுப்புப் பையை எடுக்கப் போனாள்.