கவிழ்த்து வைத்த பெயர்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருவில் கேக்குகள் நடந்து போகும். ஸ்காட்லாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில், பனிமூட்டத்துக்குள் ஆளுக்கொரு தட்டைத் துணியால் மூடி ஏந்திப் போகிறவர்களைப் பார்த்து, யார் வீட்டிலோ சீர்வரிசை என்று நினைத்தேன். விசாரித்தால், ஆற்றோரத்துப் பழைய மாவு மில்லின் கூரை ஒழுகுகிறதாம், அதற்காகக் கேக்காம். மொட்டைத் தலைகளுக்கு நடுவே வளர்ந்த திருத்தணிக்காரன் நான். எனக்கே இது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சாகத்தான் பட்டது. பழங்கட்டடங்களைக் காக்க இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. கேக் சுடத் தெரிந்தவர் சுட்டுத் தருகிறார், மற்றவர் காசு கொடுத்துத் தின்கிறார். இரண்டுக்கும் வழியில்லாதவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் மில் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறார். நான் சுவரில் முளைக்கும் புல்லைப் பிடுங்குகிறேன். தூறலில் புல் பிடுங்கும்போது கண் திறந்திருந்தாலும் பாதித் தூக்கம்தான். அந்தத் தூக்கத்தில் ஈரக்கல் வாசனை என்னை எங்கள் நாலுகால் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எங்கள் கிராமமான கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி மலைக்கு நடந்து வருகிற வழியில் இருக்கிறது அந்த மண்டபம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் அங்கேதான் தோளை இறக்குவார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து அரோகரா கேட்கும். அங்கே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவர், நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா. வருஷம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, கிருத்திகையில் மட்டும் கூலியில்லாத வேலை. அவர் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அவர் இறந்தபோது நான் விசாத் தாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், போக முடியவில்லை. கொள்ளி வைத்தவர் பாவா, என் அக்காள் வீட்டுக்காரர். அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் பணம் அனுப்பி மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். தூண்களுக்கு நல்ல பச்சை. ஒரு தூணில் மஞ்சள் எழுத்தில், 'முனுசாமி நினைவாக' என்று நைனா பெயர், அதன் கீழே 'உபயம்' என்று என் பெயர். போட்டோ வந்த அன்று அதைப் பார்த்து அழுதேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு மதியம் பாவா கூப்பிட்டார். திருத்தணி ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு சிநேகிதர்களோடு அந்த மண்டபத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருக்கிறார்.

"மச்சான், சாப்ட்டியா? ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. பெயிண்டு அடிச்சதுல ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லு தோல் தோலா உரிஞ்சிகினு வருது. கல்லு வேல தெரிஞ்சவரு ஒருத்தர் வந்து பாத்து, இரும்பு வெக்காதீங்கன்னாரு. தேங்கா நாரும் மூங்கில் சீவலும் வச்சி மூணு தூணைத் தேச்சிட்டோம். நாலாவதுல நைனா பேரு கீது. நீ சொன்னாதான் கை வெப்போம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "மூணு தூண் போதாதாங்க பாவா? அவரு பேரு வேற எங்க கீது?" என்று கத்திவிட்டேன்.

"ஆங்... சரி மச்சான்," என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் பதிலுக்குத் திட்டியிருந்தால் தேவலை. கொள்ளி வைத்த கைக்கு என் அனுமதியா வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை மில்லில் புது ஓடுகள் வந்து இறங்கியிருந்தன. ஓடு என்றால் நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதினோமே, அதே சிலேட்டுக் கல். நன்கொடை தந்தவர்கள் அதில் பெயர் எழுதலாம் என்றாள் ஃபியோனா. சனிக்கிழமை வேலைகளைப் பார்த்துக்கொள்கிறவள், என் வயதுதான். நான் அழகாக என் பெயரை எழுதி, எந்தப் பக்கம் வைத்தால் ரோட்டிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது. எழுதின பக்கம் கீழே போகும்."

எங்கள் ஊர்க் கோயில்களில் ட்யூப்லைட்டிலேயே கொடுத்தவர் பெயர் இருக்கும் என்று விளக்கினேன்.

"அப்போ வெளிச்சம்?"

"கொஞ்சம் வரும். பேர் நன்றாகத் தெரியும்."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழற்றி அடுக்கியிருந்த பழைய ஓடுகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். ஆணியால் கீறிய எழுத்தில் 'வில்லியம்' என்றிருந்தது. யார் என்று கேட்டேன்.

"தெரியாது. கூரை வேய்ந்த கூலியாளாக இருக்கும்."

"இத்தனை காலமும் இப்படிக் கவிழ்ந்தேவா கிடந்தார்?"

"ஆமாம். அத்தனை காலமும் மழை உள்ளே வரவில்லையே," என்றாள், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தேன். என் பெயரை ஈரத்துணியால் துடைத்தேன். அதே ஓட்டில் தமிழில் எழுதினேன்: முனுசாமி, கே.ஜி.கண்டிகை. ஃபியோனா எழுத்துகளின் சுழிகளைப் பார்த்து, "ஏதாவது படமா?" என்றாள். "என் அப்பா," என்றேன். அங்கேயே நின்று பாவாவுக்கு போன் போட்டு, "தேய்ங்க பாவா, நான் பேசுனது தப்புங்க," என்றேன்.

"அட, வுடு மச்சான். பெத்தவரு பேராச்சே, கோவம் வராதா," என்றார்.

ஞாயிறன்று வீடியோவில் காட்டினார். தேங்காய் நாரின் அடியில் எழுத்து எழுத்தாக நைனா கரைந்தார். பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பச்சைக்கும் அதற்கடியில் இருந்த பழைய சுண்ணாம்புக்கும் கீழே ஒரு கிளி தெரிந்தது. கல்லில் செதுக்கிய சின்னக் கிளி. அங்கே அது இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. அதன் மூக்கில் மட்டும் ஒரு பொட்டு மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் போவ மாட்டுது மச்சான். அழுத்தித் தேய்க்கட்டா?"

"இருக்கட்டும்ங்க பாவா."

ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்ட் மட்டும் அனுப்பாதீர்கள். லீவில் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நார் பிடித்துத் தேயுங்கள், வழியில் போகிறவருக்கு அந்த இடத்தின் கதையைச் சொல்லுங்கள், அது போதும்.

நைனா அரக்கோணத்தைத் தாண்டியதில்லை. இப்போது ஸ்காட்லாந்தில் ஒரு கூரைக்கடியில் முகம் கவிழ்ந்து, நனையாமல் இருக்கிறார். அவர் தண்ணீர் சுமந்த மண்டபத்தில் ஒரு கிளியின் மூக்கில் மஞ்சளாகவும் இருக்கிறார். இன்றும் மழை. குடையை மறந்துவிட்டு, நான் அந்த மில்லைத் தாண்டி நனைந்துகொண்டே வேலைக்குப் போகிறேன்.