ஏலே என்றொரு மரியாதை

கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே ஒருவர் மரியாதை கெடப் பேசியதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த காலண்டர் பிரஸ்ஸில் லோடு தூக்கிய பீகார்க்காரர் அவர். என் பெரியப்பா வீட்டு வாசலில், செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, நெஞ்சோடு கைகளைச் சேர்த்து, "ஏலே, வணக்கம்லே. வீடு இருக்காலே?" என்றார்.

அவர் திருத்தங்கலுக்கு வந்து இரண்டு காலண்டர் சீசன் ஆகியிருந்தது. காகிதக் கட்டு தூக்க நம் பையன்கள் யாரும் வரவில்லை. படித்தவன் சென்னைக்கும் படிக்காதவன் திருப்பூருக்கும் போய்விட்டான். ஆனாலும் டீக்கடையில், "இவனுக வந்துதாம்லே நம்ம பொழப்பு போச்சு" என்ற பேச்சு ஓயாது. கூலி கூட்டிக் கேட்டால் முதலாளி அவரைத்தான் கைகாட்டுவார். எங்கள் கோபம் கைகாட்டிய முதலாளி மேல் வராது, காட்டப்பட்டவர் மேல்தான் வரும். ஆளாளுக்கு "ஏலே இங்கன வா, ஏலே அதத் தூக்கு" என்று ஏவினோம். பெயர் கேட்டவர் யாருமில்லை. அவரோ, தன் ஊர் 'ஜி' போல இதுவும் மரியாதைச் சொல் என்றே நினைத்துக் கற்றுக்கொண்டார்.

மனைவியையும் மகளையும் கூட்டி வர அவருக்கு ஒரு வீடு வேண்டும். இந்திக்காரர் என்றதும் தெருத்தெருவாகக் கதவைச் சாத்தினார்கள். பெரியப்பாவின் மாடி காலியாக இருந்ததால் நான்தான் கூட்டிப் போனேன்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரப் பாத்துலே ஏலேன்னு சொல்ற? பேரன் பேத்தி எடுத்தவம்லே நான்!" நான் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

திரும்பும் வழியில் பீகார்க்காரர் கேட்டார்: "அண்ணே, ஏலே தப்பா?"

"தப்பில்ல. சேக்காளிக்குள்ள, கூட்டாளிக்குள்ள சொல்லிக்கிறது."

"அப்ப எல்லாரும் எனக்குச் சேக்காளியா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தச் சீசன் முடிந்து ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

போன வாரம் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில். மாடி இன்னும் பூட்டியே கிடக்கிறது. கூடப் படித்தவர்களில் மிஞ்சியிருந்த கடைசி ஆளும் இறந்துபோக, பெரியப்பா அன்றுதான் துட்டிக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"எல்லாப் பயலும் ஐயாங்கான், அண்ணாச்சிங்கான். என்னய ஏலேன்னு கூப்பிட இனி ஒருத்தனும் மிச்சமில்லப்பா" என்றவர், பீகார்க்காரர் அன்று கும்பிட்டு நின்ற வாசலைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்தப் பயலுக்கு எங்கனயாச்சும் வீடு கெடச்சுச்சா?"