அடி வரைக்கும் மிளகு

செம்மேட்டுச் சந்தையில் எந்த மூட்டையின் முன் நின்றாலும் அத்தாயி முதலில் பேசமாட்டாள். வலது கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளியே கொண்டுவந்து பார்ப்பாள். விற்க வந்த மிளகு என்றில்லை. வாங்க வந்த அரிசியானாலும் உளுந்தானாலும் அப்படித்தான். கடைக்காரர் முகம் சுளித்தால், "மேல இருக்கறத நீங்களே வெச்சுக்கங்க, அடியில இருக்கறதக் காட்டுங்க" என்பாள். வளையலெல்லாம் இடது கையில்தான். வலது கை வளையல் மூட்டைக்குள் மாட்டுகிறது என்று கல்யாணமான மறுவாரமே கழற்றிவிட்டாள். மாமியார் போட்ட கூச்சல் அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதாம்.

கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் அவளுக்குக் கொஞ்சம் நிலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறாள். ஐம்பதை நெருங்குகிற வயதிலும் மூங்கில் ஏணி சாய்த்து ஏறி அவளேதான் பறிப்பாள். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஒரு காலத்தில் அவள் ஊர் மிளகு என்றாலே அடிவாரத்து வியாபாரிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். மேலே ஒரு சாண் நல்ல மிளகு, கீழே பதரும் காம்பும். இந்தத் திருட்டு வேலை செய்த சொந்தக் கொழுந்தன் செங்கோடனின் மூட்டையை ஒருநாள் நடுச்சந்தையில் கவிழ்த்துக் கொட்டினாள். வெகுகாலம் அந்த வீட்டில் அவளுக்குப் பச்சைத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தருக்கும் பதர் கலக்கத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் மண்டி வைத்திருக்கும் அமீர் பாஷா, குண்டூர் நாட்டு மூட்டை என்றால் கட்டைப் பிரிக்காமலே எடைபோடுகிறார். அத்தாயிக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

அந்தப் பாஷாதான் கப்பல் சமாச்சாரத்தையும் கொண்டுவந்தார். கடற்கரை நகரம் ஒன்றில், முன்பு வாசனைச் சரக்கு ஏற்றிப்போன பழைய கப்பலைக் கரையோரம் கட்டிப்போட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மேல்தளத்தில் பாட்டுக் கச்சேரி நடக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடக்கும். இப்போது அடியிலுள்ள சரக்கறையையும் ஜனங்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள். அங்கே அந்தக் காலம் போலவே மிளகு மூட்டைகளை அடுக்க வேண்டுமாம். சாக்கில் கொட்டை எழுத்தில் 'கொல்லிமலை, குண்டூர் நாடு'. உள்ளே வைக்கோல். மேலே மட்டும் ஒரு சாண் மிளகு.

"மேல மட்டுமா?" அத்தாயியின் குரல் ஏறியது.

"பாக்கறதுக்குத்தானே அம்மிணி? விக்கறதுக்கா?"

"பாக்கறவன் நம்பறானா இல்லீங்களா பாய்? நம்பறவன ஏமாத்துனா அதுவும் களவாணி யாவாரந்தானுங்க. எங்கூர்ப் பேரப் போட்டு வைக்கோல அடைக்க, நான் உசுரோட இருக்கற வரைக்கும் உடமாட்டேன்."

காட்சிப் பொறுப்பாளர் ராதிகா போனில் மன்றாடிப் பார்த்தாள். அத்தனை மூட்டையும் நிஜ மிளகாக வைத்தால் பூச்சி பிடிக்கும், களவு போகும், எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். "அப்ப ஒரே மூட்ட வைங்க கண்ணு. அடி வரைக்கும் மொளகு இருக்கட்டும்" என்றாள் அத்தாயி. ராதிகா சரி என்றாள். அத்தாயி தன் கையாலேயே நிரப்பி, கோணி ஊசியால் தைத்து, பாஷாவின் வண்டியில் ஏற்றிவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. பாஷாவோடு போனாள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருநாளும் மயங்காதவளுக்கு, அசையாமல் நின்ற கப்பலில் தலை சுற்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கடல் எப்படி என்று பாஷா கேட்டதற்கு, "தண்ணி கெடக்குது. ஒரு சாலு ஏரோட்ட முடியுமா?" என்று முடித்துவிட்டாள்.

சரக்கறைக்குள் இறங்கினாள். விளக்கு வெளிச்சத்தில், முன்னால், அவளுடைய மூட்டை வாய் திறந்து ஜம்மென்று நின்றது. அதற்குப் பின்னால், சுவர் வரைக்கும், வாய் தைத்த மூட்டைகள். எல்லாவற்றிலும் 'குண்டூர் நாடு'. ஒன்றை அமுக்கிப் பார்த்தாள். வைக்கோல் நெரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ராதிகா ஓடிவந்தாள். "ஒத்த மூட்டை தனியா நின்னா பாக்க நல்லாவே இல்லம்மா. இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. விருந்தினர் பேச ஆரம்பிச்சிட்டாரு."

"அப்பறமாப் பேசிக்கலாம் அம்மிணி. சபையில வேண்டாம்" என்றார் பாஷா.

"சபையிலதானுங்களே எங்க பேர எழுதி வெச்சிருக்கறாங்க."

அத்தாயி பின்வரிசையிலிருந்து கைக்கு ஒன்றாக இரண்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படிகளில் ஏறினாள். மேல்தளத்தில் நாற்காலிகள் நிறைய ஜனம். ஒல்லியாக ஒரு பெண்பிள்ளை இரண்டு மிளகு மூட்டைகளைத் தண்ணீர்க் குடம் மாதிரி கொண்டுவருவதைக் கண்டு வாயைப் பிளந்தார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்த பாஷா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மேடையில் சிறப்பு விருந்தினர், அந்தக் காலத்துத் தொழிலாளிகள் சுமந்த பாரத்தைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தார். அத்தாயி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"கொஞ்சம் புடிங்க சாமி. குண்டூர் நாட்டு மூட்ட."

மனிதர் நல்லவர். மைக்கை வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் காலை அகட்டி நின்று, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் மூட்டையை வாங்கித் தம் கட்டித் தூக்கினார். அது அவர் தலைக்கு மேலே போய்விட்டது.